ஒளிரக் கூடாத செல்கள்

ஆராய்ச்சியில் சேர்ந்த நான்காம் வருடம், ஒரு புதன்கிழமை மத்தியானம், மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒளிரக் கூடாத செல்கள் பச்சையாக ஒளிர்வதைப் பார்த்தேன்.

நரம்பு செல்லின் கிளைகளில் ஒரு புரதம் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அந்தப் புரதத்தில் மட்டுமே ஒட்டும் என்று நாங்கள் நம்பிய, பச்சைச் சாயம் கட்டிய ஓர் ஆன்டிபாடியைச் செல்களின் மேல் விடுவோம். புரதம் இருக்கிற இடம் பச்சையாகத் தெரியும். எனக்கு முன்னால் எங்கள் லேபில் படித்த சீனியர், கிளை நுனிகளில் பச்சைப் புள்ளிகளைக் கண்டு கட்டுரை எழுதியிருந்தார். என் நாலு வருடமும் அதன் மேல்தான் நின்றது. ஏனோ ஒரு சந்தேகம் வந்து, அந்தப் புரதமே இல்லாத எலியின் செல்களை வேறொரு லேபில் வாங்கி வந்து சோதித்தேன். அதிலும் பச்சை. அதே நுனிகளில். அப்படியென்றால் ஆன்டிபாடி வேறு எதிலோ போய் ஒட்டுகிறது.

மூன்று தடவை திரும்பச் செய்தேன். மாறவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. தாராவியில் அப்பா தோல்பை தைக்கிற கடைக்கு, "உங்க டாக்டர் பொண்ணுட்ட காட்டுங்க" என்று மருந்துச் சீட்டோடு ஆட்கள் வருவார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அப்பா ஓய்ந்துபோயிருந்தார்.

"ஏட்டி, சோத்துல கைய வச்சிட்டு என்னத்த யோசிக்க?" என்றாள் அம்மா.

"தலவலிம்மா."

இரண்டு வாரம் கழித்து ஒரு கருத்தரங்கில் அந்தப் பச்சைப் படங்களோடு என் போஸ்டர். அச்சுக்கு அனுப்பும்போதே எனக்குத் தெரியும். இருந்தும் அனுப்பினேன். படங்கள் அழகாக இருந்தன. முதல் வருட மாணவி ஒருத்தி, வேறு ஊர்க்காரி, வெகு நேரம் நின்று பார்த்துவிட்டு, அக்கா முறை வைத்து இந்தியில் கேட்டாள்.

"தீதி, இந்த ஆன்டிபாடி நல்லா வேலை செய்யுதா? நானும் இதையே எடுக்கலாம்னு இருக்கேன்."

"படத்தைப் பாரேன், நீயே சொல்லு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஆன்டிபாடியின் பெயரைக் குறித்துக்கொண்டாள். நான் பொய் சொல்லவில்லையே என்று சயான் ஸ்டேஷன் வரை ரயிலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இன்னும் இரண்டு வாரம் போனது. பிறகு பொறுக்கமாட்டாமல் என் கைடான பேராசிரியையின் அறைக்குப் போனேன். அவர் பழைய தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். நாலு பேர் நடுவில் ஆங்கிலம், தனியாக இருந்தால் என்னிடம் தமிழ். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதை அந்தப் பேப்பர் எழுதறச்சேயே பண்ணிருக்கணும். அவனும் பண்ணலை, நானும் கேக்கலை" என்றார். கடைசிப் படத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, "எப்போ தெரிஞ்சுது நோக்கு?"

"ஒரு மாசம் ஆச்சு மேடம்."

"அப்போ போஸ்டர் வெக்கறச்சே தெரியும்."

தலையை ஆட்டினேன்.

"என்கிட்ட சொல்ல பயமா?"

"ஆமா மேடம்."

அவர் லேப்டாப்பை மூடினார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த சில வாரங்கள் வேலை தவிர வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை. எந்தத் தட்டில் எந்தச் செல் என்று தெரியாதபடி வேறொருவரைக் கொண்டு எல்லாவற்றையும் மறுபடி செய்யவைத்தார். அதே முடிவு. சீனியரின் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு அவரே எழுதினார். அது நடந்து முடிய மாதங்கள் ஆயின. வெளிநாட்டில் இருந்த சீனியர் எனக்கு போன் செய்தார்.

"இந்த வேலையே அந்தப் பேப்பரை வச்சுத்தான் கிடைச்சது எனக்கு. அது தெரியுமா உனக்கு?"

அவர் தெரிந்து செய்த தப்பு இல்லை.

அறிவிப்பு வெளியான அன்று அந்த மாணவியின் முகவரியைத் தேடிப் பிடித்து எழுதினேன். சாயங்காலமே கூப்பிட்டாள். நான் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன்.

"தீதி, எட்டு மாசமா என் கைதான் சரியில்லைன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு வாட்டி வர்ற மாதிரி இன்னொரு வாட்டி வராது. எங்க சார் எல்லார் முன்னாடியும் திட்டுவார்."

ஒரு ஃபாஸ்ட் வண்டி நிற்காமல் போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

வேறு ஒரு சின்னக் கேள்வியை எடுத்து, இன்னும் இரண்டு வருடம் உழைத்துப் பட்டம் வாங்கினேன். அம்மா சந்து முழுக்க லட்டு கொடுத்தாள். கைடு என்னைப் பற்றி நல்லவிதமாகவே கடிதம் எழுதித் தந்தார். தவறு தெரிந்ததும் தானே வந்து சொன்னவள் என்று அதில் ஒரு வரி. நான் மறைத்த ஒரு மாதக் கணக்கை அவர் விட்டுவிட்டார். நானும் திருத்தச் சொல்லவில்லை.

அந்த மாணவி ஆராய்ச்சியை விட்டுப் போய்விட்டதாகப் பின்னால் யாரோ சொன்னார்கள். என்ன காரணம் என்று தெரியாது. அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. இதுவரை கேட்கவில்லை.