இன்சூரன்ஸ் சார்

என் மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பள்ளியிலிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவார் என்றார்கள். "தெருவுல யாருக்கும் தெரிய வேணாம் சார்" என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

முதல் நாளே எதிர்வீட்டு அக்கா அவரை மடக்கி, யார் என்று விசாரித்தார். மனிதர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுங்க. ஒரு பாலிசி போடுறீங்களா?"

அக்கா கதவைச் சாத்திய வேகத்தில் நிலையே அதிர்ந்தது. அதன்பிறகு சார் வண்டிச் சத்தம் கேட்டாலே எங்கள் அரிமளம் தெருவில் ஒரு தலை வெளியே தெரியாது.

ஒருநாள் அந்த அக்காவே கொல்லைப்பக்கமாக வந்து என் காதைக் கடித்தார்: "அ, ஆ சொல்லிக்குடுக்குற இன்சூரன்ஸ எங்க வீட்டுக்கும் வரச் சொல்லு ஆத்தா. என் மகளும் அதே பள்ளிக்கூடந்தான், அவளுக்கும் படிப்பு ஏறல. யாருகிட்டயும் சொல்லிப்புடாத."

சில வாரங்களில் எதிர்வீட்டு வாசலிலும் அந்த வண்டி நின்றது. எனக்கு ஆவல் தாங்கவில்லை. "அந்தப் புள்ள எப்படி சார் படிக்குது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

பையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கென்னங்க தெரியும்? நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு."

எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அன்றுதான் நிம்மதியும் வந்தது. அக்கா என் மகளைப் பற்றி விசாரித்தாலும் அவர் பாலிசியைத்தான் நீட்டுவார்.