ஆறு கிணறுகளும் ஒரு சராசரியும்

கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்பது குடிக்கிறவர்களுக்கு ஒரே மடக்கில் தெரிந்துவிடும்; ஆபீசுக்குத் தெரியவைக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது, அத்தனை நாளும் எனக்கு அதுதான் தொழில்.

நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். மனு எழுதிப் பழகிய கை. முதலாவது, எழுபதுகளின் கடைசியில், சித்தூர்-திருப்பதி சாலையிலுள்ள எங்கள் ஊரின் குப்பையை மேட்டில் கொட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாவது, மழை அதில் ஊறிக் கீழ்த்தெருக் கிணறுகளில் இறங்கியது. மூன்றாவது, மனு கொடுத்தோம், தொலைத்தார்கள். நான்காவது, மறுபடி கொடுத்தோம், ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் காட்டினால் குப்பை இடம் மாறும், கீழ்த்தெருவுக்குக் குழாய் வரும். எட்டாம் வகுப்போடு நின்று மீதியைத் துண்டறிக்கைகளில் படித்த என்னைப் பாட்டில் தூக்க வைத்தது அந்த நான்காவதுதான். ஆபீஸ் வாசலில் காத்துக் கால் மரத்துப் போன நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தம். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் போன தண்ணீர்

ஆறு கிணறு, ஆறு பாட்டில். ஐந்து கீழ்த்தெருவில் பிடித்தது. ஆறாவது, குப்பைக்கும் மேலே, அழுக்கு ஏற முடியாத மேட்டுக் கிணற்றில் பிடித்தது. நல்ல தண்ணீர் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துக் காட்டாமல் கெட்டதை நிரூபிக்க முடியாது. இதையும் ஒரு துண்டறிக்கையில்தான் படித்தேன்.

பாட்டில்களை வைக்கோல் சுற்றிப் பையில் வைத்து, திருப்பதியில் ஒரு கல்லூரியின் பரிசோதனைக் கூடத்துக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் சாராயம் என்று சந்தேகப்பட்டு ஒரு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சுற்றிலும் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்த பக்தர்களை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் திருப்பதியிலேர்ந்து தீர்த்தம் எட்த்துக்கினு வருவாங்க. நீ ஒருத்தன்தான் நைனா அங்க எட்த்துக்கினு போற."

கூட்டி வகுத்த தண்ணீர்

குப்பை மேட்டுக்கு நேர் கீழே இருந்தது செங்கம்மாவின் கிணறு. சோதனை முடிவு வந்தபோது அதில் மட்டும் உப்பு, மேட்டுக் கிணற்றைப் போலப் பல மடங்கு; மற்ற நாலில் இப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. சுகாதார அதிகாரி கெட்டவர் இல்லை. தெலுங்குக்காரர், என்னோடு தமிழில் சண்டை போடுவார், போட்டு முடித்ததும் டீ வரவழைப்பார். அவர் ஆறு கிணற்று உப்பையும் கூட்டினார், ஆறால் வகுத்தார், சராசரி வரம்புக்குள்தான் இருக்கிறது என்றார். மேட்டுக் கிணற்றையும் சேர்த்தல்லவா கூட்டினீர்கள், ஒவ்வொரு கிணற்றையும் தனியாகப் பாருங்கள் என்று மேஜையைத் தட்டினேன். டீ சிந்தியதுதான் மிச்சம்.

திரும்பி வந்து செங்கம்மாவிடம் சொன்னேன். கயிறு இழுப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "என் கொடத்துல ஆறு கெணத்துத் தண்ணியும் கலந்தா வருதுணா?" அடுத்த மனுவில் அதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதினேன். அதைப் படித்த பிறகுதான் அதிகாரி தனித்தனியாகப் பார்க்கச் சம்மதித்தார்.

விருந்தாளித் தண்ணீர்

அடுத்த மாதம் தண்ணீர் பிடிக்க அதிகாரியே என்னோடு வந்தார். செங்கம்மா வாசல் பெருக்கி, பாட்டிலைத் துடைத்து, நிரப்பியே வைத்திருந்தாள். சோதனையில் அது மேட்டுக் கிணறு அளவுக்குச் சுத்தமாக வந்தது. அப்படியானால் போன மாதக் கணக்குதான் தப்பு என்று அதிகாரி அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

ஓடிப்போய் அவளைக் கேட்டேன். முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஒப்புக்கொண்டாள்: ஆபீசர் வருகிறார் என்று மேட்டுக் கிணற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீராம். பெரிய பெண்ணுக்கு நகரியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கெட்ட தண்ணீர் வீடு என்று பெயர் வந்தால் யார் பெண் எடுப்பார்கள்? போலீஸ் தடிக்கு முன்னால் வாய் மூடாதவன் நான். அவளோ தடியில்லாமலே என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள்: "ஊடு தேடி வந்தவருக்கு உப்புத் தண்ணியா குடுப்பேன்? நீயே சொல்லுணா."

பெயரில்லாத தண்ணீர்

அதன் பிறகு பாட்டிலில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். ஆபீஸ் அட்டெண்டரே வாளி இறக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். எந்த நம்பர் எந்தக் கிணறு என்று எழுதிய தாள் அரக்கு வைத்த கவருக்குள். அவள் பெயர் வெளியே வராது என்று செங்கம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

மூன்று மாதம் தொடர்ந்து பிடித்தோம். மூன்று மாதமும் அதே நம்பர் மட்டும் எகிறி நின்றது. அதிகாரி மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தப்பு என்றால் மூன்று தடவையும் ஒரே பாட்டிலிலா வரும் என்று அவரே சொன்னார். ஆனால் உத்தரவு எழுத வேண்டுமானால் அது யார் கிணறு என்று சாட்சிகள் முன்னால் படிக்க வேண்டுமாம். சாட்சிகளில் இரண்டு பேர் பெண் கேட்ட நகரிக்காரர்களுக்கு உறவு. சாட்சிகளும் கீழ்த்தெருக்காரர்களும் கூடிய அன்று, கவரைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பர் போதாதா சார் என்று நான் இழுத்தேன். பின்னாலிருந்து செங்கம்மா எழுந்தாள்: "படிணா. அவுங்க பொண்ணத்தான எட்த்துக்கினு போறாங்க, கெணத்தையா?"

அரக்கை உடைத்தேன். இருபது வருடம் மேடை மேடையாகக் கத்தியும் என் வாழ்நாளில் நான் உருப்படியாகப் படித்த ஒரே அறிக்கை இவ்வளவுதான்: "ஐந்தாம் நம்பர், கீழ்த்தெரு, செங்கம்மா."