பதினைந்தடிப் படிக்கட்டு

என் அக்கா புருஷனுக்குப் பட்டறையில் 'மூணு நாலு அஞ்சு' என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடமாக இரும்புப் படிக்கட்டு பற்றவைக்கிறார். தரைக்கு மூன்று, சுவருக்கு நான்கு, சாய்வுக்கு ஐந்து. அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு இதுதான். ஒன்பதடித் தரை, பன்னிரண்டடி உயரம் என்றால் பதினைந்தடிச் சட்டம் என்று யோசிக்காமலே வெட்டுவார். அதில் தப்பு வந்ததில்லை. அந்தத் தலைக்கனம்தான் எனக்குச் சகிக்காது.

அக்கா தையல்காரி. வீட்டு மாடியறையில் கடை போட எட்டு வருடம் காத்திருந்தாள். வெளியிலிருந்து ஒரு படிக்கட்டு வேண்டும், அவ்வளவுதான். மாடி வாசல் பன்னிரண்டடி உயரம். ஆனால் சுவரை விட்டு ஐந்தடிதான் எங்கள் இடம்; தாண்டினால் திறந்த சாக்கடை. அக்கா மாடி வாசலில் நூலைக் கட்டி, ஐந்தடியில் போட்ட கோடு வரை இழுத்துப் பார்த்து, பதின்மூன்றடி போதும் என்றாள். துணி வெட்டுகிறவள் இரும்பில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லிவிட்டு, அத்தான் வழக்கம்போல் பதினைந்தடியில் வெட்டிக்கொண்டு வந்தார்.

படியின் கால் சாக்கடைக்குள் போய் நின்றது. மனிதர் அசரவில்லை. சேற்றில் இரண்டு கல்லைப் போட்டு, அதன்மேல் படியை நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

கடை திறந்த அன்று முதல் வாடிக்கைக்காரி துணிப்பையோடு வந்தாள். கல்லில் வைத்த கால் வழுக்கி, கணுக்கால்வரை கறுப்புச் சேறு. குமட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். பின்னால் வந்த இருவரும் மூக்கைப் பொத்தியபடி அப்படியே நழுவினார்கள். போகப் போகப் பழகிவிடும் என்றார் அத்தான். சாக்கடை நாற்றத்தைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அக்கா தையல் சுண்ணக்கட்டியை எடுத்து வந்து, இரண்டு சட்டத்திலும் அடியிலிருந்து இரண்டடி மேலே கோடு போட்டாள்.

"இங்க வெட்டுங்க. இல்லன்னா மிஷினைக் குடுங்க, நானே வெட்டிக்கறேன்."

வெட்டினார். சாய்வு மாறியதால் படிகளைப் பெயர்த்து மறுபடி பற்றவைக்க மூன்று நாள் ஆனது. படியின் கால் எங்கள் தரையில், அக்காவின் கோட்டில் அச்சாக உட்கார்ந்தது. சேற்றில் கால் விட்டவள் மட்டும் திரும்பி வரவேயில்லை.

போன வாரம் அத்தானுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கூட வேலை செய்கிற இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு, பன்னெண்டு, பதிமூணு. நானா கண்டுபுடிச்ச கணக்கு."

காறித் துப்பலாம் போலிருந்தது. கையில் அக்கா சமைத்த சோறு இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.