ஆளுக்கு எட்டு முழம்

எதையும் பிரித்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறியில் உட்காராமல், ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் பிட்டராகச் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். எஞ்சின், பம்பு, தோலைப் போட்டு உருட்டும் பெரிய மரப் பீப்பாய், எது நின்றாலும் நான்தான் திறப்பேன். வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை, அது ஏன் நன்றாக ஓடுகிறது என்று பார்க்கத் திறந்தவன் நான். அதற்கப்புறம் அது ஓடவில்லை. என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், எஞ்சினுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தேன். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது சர்ஜன் கட்டிலருகே நின்றிருந்தார். குடல் தன்மேலேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று அழுகிவிட்டது, வெட்டி எடுத்தாயிற்று என்றார். ஏன் முறுக்கிக்கொண்டது என்று கேட்டேன். சில பேருக்கு அப்படி ஆகும், காரணம் தெரியாது என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் எஞ்சினில் ஒரு ஷாப்ட் முறுக்கிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"எடுத்ததை நான் பாக்கணும்" என்றேன்.

நர்ஸ் முகம் சுளித்தாள். சர்ஜன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சில நாள் கழித்து ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் என் குடல் கறுத்துச் சுருண்டு கிடந்தது. இத்தனை வருஷம் எனக்குச் சோறு செரித்துக் கொடுத்ததை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்க்கிறேன்! என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் எடுக்காமல் நின்றாள்.

"எத்தினி முழம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"மொத்தக் குடலும் பதினாலு முழம் இருந்திருக்கும்னு வெச்சுக்கோங்கம்மா. ரெண்டு முழம்தான் நல்லா இருந்தது. அதை உள்ள விட்டிருக்கேன்" என்றார் சர்ஜன்.

அந்த இரண்டு முழத்தின் லட்சணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கஞ்சி குடித்தால் குழாயில் விட்ட தண்ணீர் மாதிரி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. உடம்பில் எதுவும் தங்கவில்லை. கன்னம் ஒட்டி, இடுப்பில் வேட்டி நிற்காமல் போயிற்று. சர்ஜன் ஒளிக்கவில்லை. சாப்பாடு உடம்பில் சேர ஆரம்பித்தால் பிழைப்பேன், இல்லாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது என்றார்.

மறுநாள் அவர் வந்தபோது என் மனைவி வழியை மறித்து நின்றாள். அங்கே வார்டு பெருக்குகிறவர்களிடம்கூடப் பயந்து பேசுகிறவள் அவள்.

"ஐயா, எனக்குப் பதினாலு முழம் இருக்குதில்ல? இவருக்கு ரெண்டு. சேத்தா பதினாறு. ஆளுக்கு எட்டெட்டு முழமா வெச்சுத் தெச்சுடுங்க."

"ஒருத்தர் குடல் இன்னொருத்தருக்கு நிக்காதும்மா."

"இன்னாத்துக்கு நிக்காது? தறியில பாவு முடிஞ்சா, பழைய நூலோட புது நூலை நாங்க இழை இழையாப் பிணைக்கலியா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "பிணைக்கிறது கஷ்டமில்லம்மா. நாய்களுக்கு அதைத்தான் நான் செஞ்சு பாத்துட்டிருக்கேன்."

நான் தலையணையிலிருந்து எழுந்துவிட்டேன். "எங்க சார் இருக்குது அந்த நாய்ங்க?"

கொஞ்சம் நடக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. தினமும் சாயங்காலம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகைவரை நடந்தேன். அங்கே வயிற்றில் தையலோடு இரண்டு நாய்கள். செவலைக்கு அதன் குடலையே வெட்டி வெளியே எடுத்து, திரும்ப அதற்கே வைத்துத் தைத்திருந்தார்கள். வெள்ளைக்கு வேறொரு நாயின் குடல். தையல் ஒன்றுதான், கை ஒன்றுதான். செவலையை நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வெள்ளைதான் எங்கள் நாய். முதல் சில நாள் அது பாலை நக்கிக் குடித்தது, எங்களைக் கண்டு வாலை ஆட்டியது. என் மனைவி கம்பிக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, "சாப்புடுறா கண்ணு" என்பாள். வார்டுக்குத் திரும்பும்போது தன் வயிற்றை ஒருதரம் தடவிக்கொள்வாள். அவள் மனசு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் மனசும் அங்கேதான் போயிற்று.

பிறகு ஒரு நாள் வெள்ளை பாலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த நாள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த தடவை நாங்கள் போனபோது கொட்டகையில் செவலை மட்டும்தான் இருந்தது, வாய் நிறையச் சோற்றோடு.

சர்ஜனிடம் கேட்டேன். "தையல் விட்டுப்போச்சா சார்?"

"இல்ல, திறந்து பாத்தேன். தையல் ஒழுங்கா இருக்கு, ரத்தம் ஓடியிருக்கு. குடல்தான் வீங்கிக் கெட்டுப்போச்சு. இது வேத்தாளுன்னு உடம்பு கண்டுபிடிச்சுடுது."

"எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"அதுதான் எனக்கும் தெரியல" என்றார். வெளிநாட்டில் சிறுநீரகத்தை இப்படி மாற்றி வைப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கைகூடி வருகிறதாம், குடல் மட்டும் யாருக்கும் பிடிகொடுக்கவில்லையாம். முன்னே அவர் தெரியாது என்றபோது கோபம் வந்ததே, இப்போது வரவில்லை. அந்த மனிதரும் என்னைப் போலத் திறந்து பார்க்காமல் தூங்க முடியாத பேர்வழிதான். ஆனால் எனக்கு உண்மையிலேயே சாவுப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

என் மனைவி விடவில்லை. "அந்த நாய்ங்க ஒண்ணுக்கொண்ணு இன்னா உறவு? எங்கியோ தெருவுல புடிச்சதுங்க. நான் இவருக்கு மாமன் பொண்ணு, ஐயா. இவுங்க அம்மாவும் எங்கப்பாவும் கூடப் பொறந்தவங்க. எங்களுக்குள்ள ரத்தம் ஒண்ணுதான்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "கூடப்பிறந்த குட்டிகளுக்குள்ளயே மாத்திப் பாத்துட்டேன்மா. அதுவும் நிக்கல."

"அப்ப இவரு உடம்புக்கு நான் யாரு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். நான் பார்த்து அவள் அப்படி அழுதது அந்த ஒரு தடவைதான்.

சர்ஜனிடம் இன்னொரு வழி இருந்தது, அதற்குப் பெயர் பொறுமை. மிச்சமிருக்கிற குடல் தானே தடித்து, இல்லாத குடலின் வேலையையும் கற்றுக்கொள்ளலாம் என்றார். நெய், எண்ணெய் கூடாது. ஒரு வேளைச் சோற்றைப் பல வேளையாகப் பிரித்து, கோழி கொத்துவதுபோலத் தின்ன வேண்டும். கற்றுக்கொள்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ஒரு சிவப்புப் பொடியை விழுங்கக் கொடுத்தார். அந்தச் சிவப்பு மலத்தில் எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான் பரீட்சை. முதல் தடவை, பொடி தின்ற வாயைத் துடைப்பதற்குள் வந்துவிட்டது என்றே சொல்லலாம். என் மனைவி பேஜாராகித் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அது தாமதிக்க ஆரம்பித்தது. பொடி தின்றது காலையில் என்றால், சிவப்பு மத்தியானம் வந்தது. சில வாரம் கழித்துப் பொழுது சாய்ந்து வந்தது. உள்ளே எவனோ ஒருவன் எனக்காக பிரேக்கைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். அவனைத் திறந்து பார்க்க முடியவில்லையே என்று எனக்கு ஒரே ஏக்கம். ஒரு நாள் இருட்டும்வரை சிவப்பு வரவில்லை. மறுநாள் விடிந்து வந்ததும் என் மனைவி, "வந்துடுச்சு! இப்பத்தான் வந்துச்சு!" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்கள் ஊரிலிருந்து யாரோ வந்துவிட்டதாக நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

வேட்டி இடுப்பில் நின்ற பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆம்பூரில் குடியிருந்துகொண்டு பிரியாணியைத் தொடாத ஒரே ஆள் நான்தான் என்று ஷாப்பில் தோஸ்துகள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். எஞ்சினைத் திறக்க எனக்குத் தெம்பு திரும்பிவிட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை சர்ஜனிடம் காட்டிவரப் போவோம். அறுபதுகள் முடியும் சமயத்தில் போனபோது, வெளிநாட்டில் மனிதர்களுக்கே குடலை மாற்றி வைத்துப் பார்த்தார்கள், யாரும் நெடுநாள் பிழைக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். என் மனைவி அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். நல்லவேளை, அன்றைக்கு அவர் உன் பேச்சைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இரண்டு பேருமே போயிருப்போம் என்றேன்.

அவள் மடியிலிருந்த மருந்துப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க யாரோ யாருதையோ எடுத்து வெச்சிருப்பாங்க. என் எட்டு முழமா இருந்தா நின்னிருக்கும்" என்றாள்.

எப்படி என்று நான் கேட்கவில்லை.