கதவுக்குப் பின்னால் வெட்டுத்துண்டு

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரும் தரையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே நீர்க்குமிழி ஓடுகிற பட்டை ஒன்று உண்டே, அதை இருபத்தாறு வருடமாகப் பிரியாமல் தூக்கிக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர். டைல்ஸ் ஒட்டுவது தொழில். விருந்துக்குப் போன வீட்டில்கூட, கை கழுவிவிட்டு வந்ததும் "உங்க வாஷ்பேசின் இடப்பக்கம் ரெண்டு நூல் இறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். விருந்துக்கு அழைப்பவர்கள் குறைந்துபோனதில் ஆச்சரியமில்லை.

இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டன. படி இறங்கினால் உள்ளே யாரோ முறுக்கு மெல்லுவதுபோல் சத்தம். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இனிமே முட்டி போட்டு வேலை செய்யாதீங்க" என்றார்.

"தரை கீழ இருக்கு சார். நான் என்ன செய்ய?"

டாக்டர் மாத்திரை எழுதினார்.

மாத்திரையை வாங்கியது மனைவி வேலை செய்யும் மருந்துக்கடையில். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் அவள். வீட்டுக்கு வந்ததும் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு படுப்பாள். ஒருவர் முட்டி இன்னொருவர் பாதத்திடம் புலம்புகிற குடும்பம் அது.

இந்த நேரம் பார்த்துத்தான் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. கார் விற்கும் கம்பெனியில் வேலை. யாரைப் பார்த்தாலும் எதையாவது விற்றுவிடத் துடிக்கிற வாய்.

"மாமா, ஃபிரான்சைஸ் எடுங்க" என்று பளபளப்பான காகிதம் ஒன்றை விரித்தான். "மூணே நாள்ல புது பாத்ரூம். கம்பெனி பேரு, கம்பெனி விளம்பரம், கம்பெனி சட்டை. நீங்க முதல் போடுறீங்க, ஆள் வச்சு வேலை வாங்குறீங்க. முட்டி போடுறதெல்லாம் வேற ஆளு. நீங்க நின்னுக்கிட்டு அதட்டுனா போதும்."

"அதுதான் அவருக்கு நல்லா வருமே" என்றாள் மனைவி, படுத்தபடியே.

"முதலுக்கு எங்கடா போறது மாப்ள?"

"வீட்டுப் பத்திரம் எதுக்கு இருக்கு?"

கம்பெனி கேட்ட தொகை, இந்த வீட்டை விற்றால் வருவதில் சரிபாதி. ரசமட்டம் கூரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மூவரும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். மேலாளர் இளவயது, இனிமையான பேச்சு. ரசமட்டத்துக்கு ஒரு சுழல் நாற்காலி கொடுத்தார். உட்கார்ந்ததும் முட்டியிலிருந்து ஏதோ ஒரு சுமை இறங்கிப்போனது. இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தொழில் செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பிற்பாடு எவ்வளவோ மறந்தது. அந்த நாற்காலி மறக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காட்சிக்காக ஒரு குளியலறை கட்டி வைத்திருந்தார்கள். "போய்ப் பாருங்க" என்றார் மேலாளர்.

ரசமட்டம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. மைத்துனன் நெளிந்தான். "அக்கா, மாமா அதை நிஜ பாத்ரூம்னு நினைச்சுட்டாரா?"

விஷயம் அதுவல்ல. எந்த அறையிலும் டைல்ஸ் முழுசு முழுசாக வந்து முடியாது. எங்காவது ஒரு ஓரத்தில் வெட்டுத்துண்டு போட்டே ஆகவேண்டும். நுழைந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில் முழுக்கல்லைப் போட்டுவிட்டு, வெட்டுத்துண்டைக் கதவுக்குப் பின்னால் தள்ளுவது தொழில்காரர்கள் வழக்கம். அதனால் ஒருவன் வேலையை அளக்க அறைக்கு நடுவில் நிற்கக்கூடாது, கதவைச் சாத்திவிட்டு அதன் பின்னால் பார்க்கவேண்டும். வெட்டுத்துண்டு இல்லாத அறை கிடையாது. அதை எப்படி வெட்டியிருக்கிறான் என்பதுதான் கேள்வி. ரசமட்டம் தன் தொழிலில் நம்பிய ஒரே வேதம் இது.

இங்கே பல்லுப்பல்லாய் உடைத்து, வெள்ளைப் பசையை அப்பி மறைத்திருந்தார்கள்.

வெளியே வந்தவர் மறுபடி சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்ககிட்ட இந்த ஃபிரான்சைஸ் எடுத்தவங்க நம்பர் குடுங்க தம்பி" என்றார்.

மேலாளர் உடனே மூன்று நம்பர் எழுதிக் கொடுத்தார்.

"இதெல்லாம் இப்ப நடத்துறவங்க. விட்டுட்டுப் போனவங்க நம்பர்?"

மேலாளரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் கதவுப் பக்கம் போனது. "அப்படி யாரும் பெருசா இல்ல சார்."

அந்த மூன்று பேரிடமும் பேசினார். 'நல்ல லாபம், தைரியமா எடுங்க' என்று மூவரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள், ஒருவர் சொல்லிக்கொடுத்தது போல. கேட்டுக் கேட்டு அலுத்துப் போனது. ஒரு மனம் 'போட்டுவிடு, நாற்காலி கிடைக்கும்' என்றது. இன்னொரு மனம் 'கதவுக்குப் பின்னால் பார்' என்றது. இரண்டு மனத்தையும் சுமந்துகொண்டு வழக்கம்போல் வேலைக்குப் போய், மடித்த சாக்கில் முட்டி போட்டார்.

பத்து நாள் கழித்து டைல்ஸ் கடை வாசலில் ஒரு பழைய வேன் நிற்பதைப் பார்த்தார். பக்கவாட்டில் ஒட்டியிருந்த எழுத்தை உரித்திருந்தார்கள். ஆனால் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் வெயில் படாமல் பெயிண்ட் புதுசாக இருந்தது. எட்டடி தள்ளி நின்றால் படிக்கலாம்: மூன்றே நாளில் புதுக் குளியலறை.

டைல்ஸ் கடைக்கு அந்த வேனை விற்றவர் யார் என்று விசாரித்தார். இரண்டு தெரு தள்ளி நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார் அவர். முன்பு வங்கி குமாஸ்தா. கேட்டதும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நீங்க நாலாவது ஆளு, வந்து கேக்குறது. முதல் மூணு பேரும் நான் சொன்னதைக் கேக்கல" என்றார். "பசை, குழாய், எல்லாம் அவங்ககிட்டயேதான் வாங்கணும், வெளியில விக்கிறதைவிட ஒன்றரை மடங்கு விலை. வர்ற வரும்படியில பங்கு மாசாமாசம் போயிடும், லாபமா நஷ்டமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. மூணு நாள்னு போர்டுல எழுதியாச்சு. பசை காய நாலு நாளாகும். அந்த ஒரு நாளுக்கு வீட்டுக்காரங்ககிட்ட திட்டு வாங்க என்னை வச்சிருந்தாங்க."

"ஆளுங்க?"

"ஆளுங்களா! ஒழுங்கா வேலை தெரிஞ்சவன் கம்பெனிச் சட்டை போட மாட்டேங்கிறான். சட்டை போட வர்றவனுக்கு வேலை தெரியல. கடைசி ஆறு மாசம் நானே முட்டி போட்டேன். வங்கியில சீல் குத்துன கை சார் இது."

ரசமட்டம் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இதெல்லாம் எனக்குப் பெருசு இல்லீங்க. எனக்கு வேலை தெரியும், ஆளைத் தெரியும். மூணு நாளை நாலு நாளா எப்படிச் சொல்லணும்னும் தெரியும். சமாளிச்சுடுவேன்."

கடைக்காரர் அவர் விரல்களைப் பார்த்தார். "நீங்களே ஒட்டுறவரா? சொந்தத் தொழில் இதுதானா?"

"ஆமா. வேற எதுவும் தெரியாது."

"அப்ப முப்பத்தொன்னாம் பக்கம் படிச்சீங்களா?"

மேலாளர் படிக்கக் கொடுத்தனுப்பிய ஒப்பந்தம் நாற்பது பக்கம். ரசமட்டம் பன்னிரண்டோடு நிறுத்தியிருந்தார்.

"ஃபிரான்சைஸை விட்டாலோ, அவங்களா பிடுங்கிக்கிட்டாலோ, ரெண்டு வருஷத்துக்கு இந்தச் சுத்து வட்டாரத்துல இதே தொழிலை நீங்க செய்யக்கூடாது. கூலிக்குக்கூட ஒரு டைல்ஸ் ஒட்டக்கூடாது. எனக்கு அதுல நஷ்டம் இல்ல, எனக்குத்தான் ஒழுங்கா ஒட்டத் தெரியாதே. நோட்டுக் கடை போட்டுட்டேன். உங்களுக்கு?"

ரசமட்டம் எழுந்துகொள்ள மேசையைப் பிடித்தார். நன்றி சொன்னாரா என்பது வீட்டுக்குப் போன பிறகும் நினைவுக்கு வரவில்லை.

மாலை மைத்துனனும் வந்திருந்தான். மனைவி முப்பத்தொன்றாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். மருந்துப் பெட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத் தினமும் படிக்கிற கண் அவளுடையது.

"அதெல்லாம் சும்மா எழுதுறது மாமா, யாரும் கேஸ் போட மாட்டாங்க" என்றான் மைத்துனன்.

"சும்மா எழுதுறதுன்னா ஏன்டா முப்பத்தொன்னாம் பக்கத்துல எழுதுறான்? முதல் பக்கத்துல எழுத வேண்டியதுதானே?" என்றார் ரசமட்டம். குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அலுப்பு. "முட்டி போச்சு. சரி. கை இருக்கு. இதுல கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்குக் கவுந்துச்சுன்னா கையும் எனக்கு இல்ல. வீடும் இல்ல."

மைத்துனன் தன் பளபளப்பான காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். காபி குடிக்காமலே போனான்.

"அப்ப முட்டிக்கு என்ன வழி?" என்றாள் மனைவி. நல்லவேளை, கேட்டுவிட்டாள். கேட்காமல் காலைச் சுவரில் சாய்த்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியாது.

"இனிமே சுவர் மட்டும் ஒட்டுறேன். இடுப்புக்கு மேல நின்னுக்கிட்டு, கீழ் வரிசைக்கு ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு. தரையை வேற ஆளுக்கு விட்டுடலாம். வருமானம் குறையும்."

"எவ்வளவு?"

"மூணுல ஒரு பங்கு."

"ஞாயித்துக்கிழமையும் கடைக்கு வரச் சொல்லி முதலாளி கேட்டுக்கிட்டிருக்காரு" என்றாள். சந்தோஷமாகச் செய்த ஏற்பாடு என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

"தரைக்கு யாரைக் கூப்பிடுவீங்க?"

இங்கேதான் சிக்கல். தரை வேலையில் கைதேர்ந்தவன், முட்டி இன்னும் இரும்பாக இருக்கிறவன், அக்கம்பக்கத்தில் ஒருவன்தான். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு வீட்டில், பத்துப் பேர் முன்னால், அவன் போட்ட தரையில் பட்டையை வைத்துப் பார்த்துவிட்டு 'கோணல்' என்று பட்டம் கட்டியவர் ரசமட்டம்தான். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

போனை எடுத்து அழுத்தினார்.

"அட, ரசமட்டமா? வழி தவறி வந்த போனா?"

"இல்லப்பா. வேலை விஷயம்." சொல்லி முடித்தார். முட்டியையும் சேர்த்துச் சொன்னார்.

அவன் கூலிக் கணக்கைக் கேட்டுக்கொண்டான். பிறகு, "வர்றேன்" என்றான் கோணல். "தரைக்கூலி முழுசும் எனக்கு. இன்னொரு கண்டிஷன். நான் தரை போடுற நாள்ல நீ அந்தப் பட்டையை வீட்டுலயே வச்சுட்டு வரணும்."

ரசமட்டம் மூலையில் இருந்த கருவிப் பையைப் பார்த்தார். பட்டையின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சரிப்பா" என்றார்.

போனை வைத்ததும் மனைவி சொன்னாள்: "பொய்."

"கதவுக்குப் பின்னால மட்டும் வச்சுப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, முட்டிக்குத் தைலம் எங்கே என்று தேடத் தொடங்கினார்.