எர்த் கம்பியில் அடித்த பெயிண்ட்

எங்கள் மேனேஜர் பொறியியல் படித்தவர். இதை நான் சொல்லவில்லை, தினமும் அவரே சொல்வார். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்வரிசையில், தகரக் கூரை போட்ட பவுடர் கோட்டிங் பட்டறை அது. நான் பி.எஸ்சி. இயற்பியல். அங்கே குவாலிட்டி பார்ப்பது என் வேலை. சேக்காட்டிலிருந்து பைக்கில் கிளம்பும்போதே, இன்றைக்கும் அந்த ஆள் மூஞ்சியில் முழிக்க வேண்டுமே என்று எரிச்சல் தொடங்கிவிடும்.

பவுடர் கோட்டிங் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரும்புப் பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி பவுடரை ஊதும். அதை நாங்கள் கன் என்போம். அதன் முனையில் கிளம்பும் எலக்ட்ரான்கள் பவுடர்மேல் ஏறிக்கொள்ளும். அப்படி நெகட்டிவ் சார்ஜ் ஏறிய பவுடர், எர்த் கொடுத்த பெட்டியில் போய் ஒட்டும். வந்து சேர்ந்த சார்ஜ் கொக்கி வழியாக மேலே இருக்கும் இரும்புச் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து எர்த் கம்பியில் இறங்கி மண்ணுக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் பெட்டியும் நெகட்டிவ் ஆகிவிடும்; பின்னால் வருகிற பவுடரைத் தள்ளிவிடும். பள்ளிக்கூடப் பாடம்தான்.

ஆயுத பூஜை வந்தது. "மெஷின் எல்லாம் புதுசு மாதிரி மின்னணும்" என்று மேனேஜர் உத்தரவு போட்டார். கண்ணில் பட்டதற்கெல்லாம் பச்சை பெயிண்ட், இரண்டு கோட்டிங். அதன்மேல் சந்தனம், குங்குமம். பொரி கடலை தின்று, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் லீவில் போனோம். திங்கட்கிழமை வந்து கன்னைப் பிடித்தால் பவுடர் ஒட்டவே இல்லை. சல்லடையில் சலித்த மாவு மாதிரி கீழே கொட்டியது.

கன் பிடிப்பவர் பூந்தமல்லியிலிருந்து வரும் ஒரு அண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பதினோரு வருடமாக அதே வேலை. பெட்டியை இறக்கக் கை வைத்தார், பட்டென்று பொறி பறந்தது. "யம்மாடியோ!" என்று கையை உதறினார்.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "எலக்ட்ரான் பத்தல. வோல்டேஜை ஏத்து" என்றார்.

படித்த வெங்காயம்! சார்ஜ் என்பது ஃபோனில் ஏற்றுகிற சரக்கு, எலக்ட்ரான் அதைச் சுமக்கிற கூலி ஆள் என்று அவருக்கு நினைப்பு. உப்பிலிருந்து கரிப்பைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா? எலக்ட்ரானுக்குச் சார்ஜும் அப்படித்தான், அதன் குணம். இந்த எலக்ட்ரானுக்குக் கொஞ்சம் கூட, அந்த எலக்ட்ரானுக்குக் கொஞ்சம் குறைச்சல் என்பதெல்லாம் கிடையாது. எங்கள் பட்டறையில் எலக்ட்ரானுக்குப் பஞ்சம் இல்லை. வெளியேற வழியில்லாமல் பெட்டியில் குவிந்து கிடந்தது, அவ்வளவுதான். வோல்டேஜை ஏற்ற ஏற்ற அண்ணனுக்குத்தான் அடி அதிகம் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் கன்னுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். திருஷ்டியாம். அந்த எலுமிச்சம்பழத்தில்கூட அவர் அடித்த பெயிண்டைவிடக் கரண்ட் நன்றாகப் போகும். அதற்கும் பவுடர் மசியவில்லை என்றதும் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"உன் கை நடுங்குதுய்யா, வயசாயிடுச்சு. வெள்ளிக்கிழமை கஸ்டமர் வராரு. அதுக்குள்ள ஒட்டலேன்னா திங்கக்கிழமை நீ வராதே."

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். எர்த் கம்பியைக் கழற்றி, அது சட்டத்தைத் தொடுகிற இடத்திலும் போல்ட்டிலும் பச்சை பெயிண்டை அப்பி, மறுபடி முடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் பெயிண்ட் இருந்தால் சார்ஜ் எப்படி இறங்கும்? சுரண்டிவிட ஐந்து நிமிடம் ஆகும். நான் சுரண்டவில்லை. ஏணியிலிருந்து இறங்கிக் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை கஸ்டமர் முன்னால் அந்த ஆளின் மானம் கப்பலேற வேண்டும், அதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறி.

புதன், வியாழன் இரண்டு நாளும் அண்ணன் கையுறைமேல் கையுறை போட்டுக்கொண்டு அடித்தார். அப்படியும் ஷாக் விட்டபாடில்லை. பெட்டி பக்கம் போகும்போதே தோளைக் குறுக்கிக்கொள்வார். வியாழக்கிழமை டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"ஊட்ல இன்னும் சொல்லல நைனா. பொண்ணு மாசமா கீது, எட்டாம் மாசம். இந்த நேரத்துல வேல பூட்ச்சினு இன்னானு போய் சொல்றது?"

"எல்லாம் சரியாயிடும்ணே" என்றேன். தெரிந்துதான் சொன்னேன், கர்மம்.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் வந்து நின்றார். பவுடர் கொட்டியது. மேனேஜர் அண்ணனை முறைத்தார். இதுதான் நேரம் என்று நான் ஹாக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டிக் கம்பியை முடுக்கினேன். அண்ணன் கன்னை அழுத்தினார். மூலை முடுக்கெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டது.

"எர்த் பிராப்ளமா?" என்றார் கஸ்டமர்.

"ஆமா சார். நான்தான் இவரைச் செக் பண்ணச் சொன்னேன்" என்றார் மேனேஜர். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கஸ்டமர் தலையாட்டினார். இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். த்தூ! மானம் என்று ஒன்று இருந்தால்தானே கப்பலேற?

சாயங்காலம் குழாயடியில் அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையும் வரச் சொல்லிவிட்டார்களாம். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பெயிண்ட நீ எப்போ பாத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். "செவ்வாக்கிழமை" என்றேன்.

தண்ணீரை நிறுத்தினார்.

"அவனுக்குத் தெர்ல, வுடு. நீ தெரிஞ்சிகினே மூணு நாளு என்னப் பாத்துகினு இருந்தியா?"

மேனேஜரை அவர் சார் என்று கூப்பிடுவார். மறுநாளிலிருந்து என்னையும்.