சேற்றில் நின்ற அட்மின்

இன்று காலை அதிராம்பட்டினம் உப்பளத்தில் பவளக்காலிப் பறவைகளைப் படமெடுக்கப் போயிருந்தேன்.

வரப்பில் மண்டியிட்டு வெகுநேரம் காத்திருந்த பிறகு, ஒரு பறவை ஜோடி தன் நீண்ட சிவப்புக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து என் பக்கம் நடந்து வந்தது. இன்னும் நாலடி வந்தால் போதும்.

பின்னாலிருந்து பலமான கைதட்டல். மொத்தக் கூட்டமும் பறந்துவிட்டது.

தட்டியவர் எங்கள் பறவை வாட்ஸ்அப் குழுவின் அட்மின். போன வாரமும் இதையேதான் செய்தார்.

"பறக்கிற போட்டோவுக்குத்தாங்க மேடம் லைக் விழும். சும்மா நிக்கிறத யாரு பாப்பாங்க?"



பறவைகள் சற்றுத் தள்ளிச் சேற்றில் இறங்கின. அவர் வரப்பை விட்டுக் கீழே கால் வைத்தார்.

"பறவையே நிக்குது, நாம நிக்க மாட்டோமா?"

அந்தப் பறவை ஒரு கைப்பிடி கனம்கூட இருக்காது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாலே எட்டில் முட்டிவரை புதைந்துவிட்டார். அதற்கு மேல் அந்தச் சேறு இழுக்காது. நானும் ஒருமுறை மாட்டியவள்தான்.

"மேடம், கை குடுங்க!"

"ஆடாம நில்லுங்க சார், வரேன்."

அவர் சிலையாக நின்றார். கொஞ்ச நேரத்தில் பவளக்காலிகள் திரும்பி வந்து அவரைச் சுற்றியே மேய ஆரம்பித்தன.

"மேடம்..." என்றார் ரகசியக் குரலில்.

"உஷ்! பறந்துடும் சார்."

ஆசை தீர எடுத்துவிட்டுத்தான் கை கொடுத்தேன். அவருடைய ஒரு ஷூ இன்னும் அங்கேதான் இருக்கிறது.

படத்தில் பறவைகளும் சும்மா நிற்கின்றன, அவரும் சும்மா நிற்கிறார். யார் பார்ப்பார்கள் என்று குழுவிலேயே போட்டுப் பார்த்துவிடட்டுமா? சொல்லுங்கள்.